சட்டம் வருமுன்: 2009 யார்க் கூட்டத்தில் குவேக்கர்கள் எடுத்த திருமண முடிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

எந்த நிகழ்வு, ஏன்

2009 ஜூலை 31 அன்று, இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக வளாகத்தில், பிரிட்டனின் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ மரபில் வந்த சமயக் குழுவினர் தங்கள் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானக் குறிப்பை எழுதி ஏற்றுக்கொண்டார்கள். ஆணும் பெண்ணும் செய்துகொள்ளும் திருமணத்தை எப்படி நடத்துகிறோமோ, அப்படியே தன்பாலின இணையரின் திருமணத்தையும் நடத்துவோம் என்பது அதன் சாரம். அப்போது அந்த நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு திருமணமே கிடையாது. அது சட்டமாக இன்னும் நான்கு ஆண்டுகள் பிடித்தன.

வாக்கெடுப்பு நடக்கவில்லை. யாரையும் கை தூக்கச் சொல்லவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் அதே அரங்கில் இருந்தார்கள். இதே விஷயத்தில் உலகெங்கும் பல சபைகள் இரண்டாக உடைந்திருக்கின்றன, குவேக்கர் சபைகளும் அதற்கு விலக்கல்ல. பிரிட்டனில் அந்த உடைவு ஏற்படவில்லை. எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள், யாருக்கு என்ன செலவானது, எதை வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று பார்ப்பதே இந்த ஆய்வு. கூட்டங்களிலும் சங்கங்களிலும் கடினமான முடிவுகளை எடுக்க வேண்டியவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன். அங்கே பேசிய தனிநபர்கள் யாரையும் பெயர் சொல்லி இங்கே குறிப்பிடவில்லை.

பின்னணி: மௌனத்தில் கூடி முடிவெடுப்பவர்கள்

1650களில் வட இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றித் திரண்ட இயக்கம் குவேக்கர்களுடையது. நண்பர்கள் சமயச் சங்கம் என்பது முறையான பெயர், ஒருவரையொருவர் நண்பர் என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளுடையது ஏதோ ஒன்று இருக்கிறது, அதைக் கேட்க இடையில் ஒரு குருவோ பாதிரியோ தேவையில்லை என்பது அடிப்படை. ஞாயிறு காலை நாற்காலிகளை வட்டமாகவோ சதுரமாகவோ போட்டு மௌனமாக உட்காருவார்கள். பாட்டு, பிரசங்கம், பீடம் எதுவும் இல்லை. யாருக்காவது உள்ளிருந்து உந்துதல் வந்தால் எழுந்து சில வாக்கியங்கள் பேசிவிட்டு உட்காருவார். அந்தப் பேச்சு அப்படியே மௌனத்துக்குள் போய்ச் சேரும். அதற்கு யாரும் பதில் சொல்லி வாதிட மாட்டார்கள். ஒரு மணி நேரம் ஆனதும் பக்கத்தில் இருப்பவரோடு கை குலுக்கி முடிப்பார்கள்.

இந்த நம்பிக்கையிலிருந்துதான் அவர்களுடைய போர் மறுப்பும் வந்தது. எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று 1660-ல் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு உலகப்போர்களிலும் அகதிகளுக்கும் பட்டினியில் வாடியவர்களுக்கும் செய்த பணிக்காக, பிரிட்டன், அமெரிக்கக் குவேக்கர்களின் இரண்டு சேவை அமைப்புகளுக்கு 1947-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

நிர்வாகக் கூட்டமும் வழிபாடாகத்தான் நடக்கும் என்பதை இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முக்கியமாக மனத்தில் வைக்க வேண்டும். கூட்டம் மௌனத்தில் தொடங்கும். பேச நினைப்பவர் எழுந்து நிற்பார், கூட்டத்தை நடத்தும் கிளார்க் அழைத்த பிறகு பேசுவார். ஒருவர் பேசி முடித்தபின் சிறிது இடைவெளி விடுவார்கள், சொன்னது இறங்க வேண்டும் என்பதற்காக. எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று கிளார்க் எண்ணுவதில்லை. கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்று உணர்ந்து, அதை அங்கேயே ஒரு குறிப்பாக எழுதி வாசிப்பார். ஒரு சொல் பொருந்தவில்லை என்றால் எழுந்து சொல்லலாம், திருத்துவார்கள், மறுபடி வாசிப்பார்கள். பிற்பாடு அலுவலகத்தில் உட்கார்ந்து மெருகேற்றும் வேலை கிடையாது. எல்லோர் முன்னிலையிலும் ஏற்கப்பட்ட அந்த வாசகம்தான் முடிவு. எல்லோருக்கும் ஒரே கருத்து இருந்தாக வேண்டும் என்பதில்லை. "எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை, ஆனால் கூட்டம் சரியாக வழிநடத்தப்படுகிறது என்று உணர்கிறேன்" என்று ஒருவர் ஒதுங்கி நிற்கலாம். கூட்டம் இன்னும் ஒன்றுபடவில்லை என்று கிளார்க்குக்குத் தோன்றினால் விஷயம் தள்ளிப்போகும்.

தங்கள் சபையையும் கூட்டம் என்றே அழைப்பார்கள். நானூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர்க் கூட்டங்கள், அவற்றைச் சேர்த்து வட்டாரக் கூட்டங்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஆண்டுக் கூட்டம் என்பது அமைப்பு. இரண்டு ஆண்டுக் கூட்டங்களுக்கு இடையில் முடிவெடுத்துவந்த பிரதிநிதிக் குழுவுக்குத் துன்பங்களுக்கான கூட்டம் என்று பெயர். 1670களில், சிறையிலடைக்கப்பட்ட நண்பர்களின் துன்பங்களைப் பதிந்துவைக்கத் தொடங்கிய குழு அது. பெயரை 2009-லும் மாற்றியிருக்கவில்லை.

திருமணம் பற்றிய பழைய புரிதல்

குவேக்கர் திருமணத்தில் திருமணம் செய்து வைப்பவர் என்று ஒருவர் கிடையாது. மௌனம் ஆழ்ந்த ஒரு வேளையில் இணையர் எழுந்து கைகோத்து நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் சொல்வார்கள்: "நண்பர்களே, இந்த என் நண்பரை என் வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன். நாங்கள் இருவரும் இப்பூமியில் வாழும்வரை, இறைவனின் துணையோடு, அன்பும் உண்மையும் உள்ள துணையாக இருப்பேன் என்று உறுதி கூறுகிறேன்." அவ்வளவுதான். பிறகு மறுபடி மௌனம், யாராவது பேசினால் பேசலாம். கடைசியில் ஒரு பெரிய தாளில், அவர்கள் சொன்ன அதே வாசகங்களுக்குக் கீழே, வந்திருந்த எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அப்போதுதான் எழுதப் பழகும் குழந்தையும் வரிசையில் நின்று, தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதும். அந்தத் தாளை வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

1669-ல் ஃபாக்ஸ் இதற்கான காரணத்தை எழுதினார்: இருவரை இணைப்பது கடவுளின் வேலை மட்டுமே. பாதிரிகளுடையதும் அல்ல, நீதிபதிகளுடையதும் அல்ல. நாங்கள் யாருக்கும் மணம் முடித்து வைப்பதில்லை. நாங்கள் சாட்சிகள் மட்டுமே.

அந்தக் காலத்தில் இந்தத் திருமணங்கள் செல்லுமா என்பதே சண்டையாக இருந்தது. 1661-ல் நாட்டிங்ஹாமில் ஒரு வழக்கு வந்தது. கணவர் இறந்துவிட்டார். சொத்தில் உரிமை கோரிய ஒருவர், பாதிரி இல்லாமல் நடந்த திருமணம் செல்லாது, எனவே குழந்தை வாரிசு அல்ல என்று வாதாடினார். ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதும் திருமணம்தானே என்று நீதிபதி ஜூரிகளிடம் சுட்டிக்காட்ட, தீர்ப்பு குழந்தையின் பக்கம் வந்தது. அதற்குப் பிறகும் முழு சட்டப் பாதுகாப்பு உடனே வந்துவிடவில்லை. 1753-ன் திருமணச் சட்டம், திருமணம் என்றால் இங்கிலாந்துத் திருச்சபையில்தான் என்று கட்டாயமாக்கியபோது, குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்கு அளித்தது. ஆக, சட்டத்தின் நிழல் இல்லாமலே சுமார் 100 ஆண்டுகள் அவர்கள் தங்களுக்குள் திருமணம் செய்துகொண்டு, கையெழுத்திட்டு, பதிவேட்டில் எழுதிவந்தார்கள். சுயமரியாதைத் திருமணங்கள் பல பத்தாண்டுகள் சட்ட அங்கீகாரம் இல்லாமல் நடந்து, 1967-ல் நம் சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தத்தால்தான் செல்லுபடியாயின என்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த நிலை புதிதல்ல.

இந்த வரலாற்றை இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம் உண்டு. 2009-ல் கூட்டத்தை முன்னே நகர்த்தியது புதிய கொள்கை எதுவுமல்ல, 340 ஆண்டுப் பழைய இந்த நினைவுதான் என்பது என் கணிப்பு.

கவனத்துக்கு வந்தவை: 1963 முதல் 2008 வரை

ஆண்களுக்கிடையிலான தன்பாலின உறவு இங்கிலாந்தில் குற்றமாக இருந்த காலத்திலேயே, தங்கள் நிலையால் தவித்த குவேக்கர் மாணவர்கள் சிலர் மூத்த நண்பர்களிடம் உதவி கேட்டு வந்தார்கள். அதிலிருந்து ஒரு ஆய்வுக்குழு உருவாகி, 1963-ல் ஒரு சிறு நூலை வெளியிட்டது. ஒரு உறவை அதன் வெளித்தோற்றத்தால் அல்ல, அதன் தரத்தால் மதிப்பிட வேண்டும் என்றது அந்நூல். சங்கத்தின் அதிகாரபூர்வ நிலைப்பாடாக அது வரவில்லை, உள்ளேயே கடும் எதிர்ப்பும் இருந்தது. நாட்டின் சட்டம் 1967-ல் மாறியது.

அடுத்த கட்டம் 1987. தங்கள் கூட்டங்களில் தன்பாலின இணையர் முழுப் பங்கெடுத்து வாழ்கிறார்கள், அவர்களில் சிலர் தாங்கள் திருமணமானவர்கள் என்றே கருதுகிறார்கள், அதை வழிபாட்டில் எல்லோர் முன்பும் அங்கீகரிக்க வழியில்லாதது அவர்களுக்கு ஒரு குறை என்று துன்பங்களுக்கான கூட்டம் பதிவு செய்தது. எய்ட்ஸ் பீதி உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. பள்ளிகளும் உள்ளாட்சிகளும் தன்பாலின உறவை ஊக்குவிக்கக் கூடாது என்ற சட்டப் பிரிவு அடுத்த ஆண்டே வந்தது. அந்தச் சூழலில் இப்படி எழுதி வைத்தது துணிவுதான். ஆனால் செயல் என்று வந்தபோது, கோரிக்கை வந்தால் அந்தந்த உள்ளூர் அமைப்பே கூடி யோசித்துக்கொள்ளட்டும் என்ற அளவில்தான் நின்றது.

சில கூட்டங்கள் ஏற்று நடத்தின, சில தயங்கின. நடந்த வழிபாட்டுக்கும் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு பெயர். ஓரிடத்தில் உறுதிமொழிக் கொண்டாட்டம், இன்னோரிடத்தில் நன்றி வழிபாடு. திருமணம் என்ற சொல்லை மட்டும் எல்லோரும் கவனமாகத் தவிர்த்தார்கள். 2005 டிசம்பரில் சிவில் இணைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது முரண்பாடு இன்னும் கூர்மையானது. தன்பாலின இணையர் அரசுப் பதிவாளர் முன் போய்ச் சட்ட உரிமைகளைப் பெறலாம். ஆனால் அந்தப் பதிவு வழிபாட்டு இடத்தில் நடக்கக் கூடாது, அதில் சமய வாசகம் எதுவும் இருக்கக் கூடாது. கடவுள் முன் உறுதி சொல்வதுதான் திருமணம் என்று நம்பும் ஒரு சமூகத்தில், அதைச் சொல்ல முடியாத ஒரு அறைக்கு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். ஒரே வட்டத்தில் உட்கார்ந்து மௌனம் காக்கும் இரண்டு ஜோடிகளில் ஒன்றின் பெயர் சங்கத்தின் திருமணப் பதிவேட்டில் ஏறும், மற்றொன்றின் பெயர் ஏறாது.

இதை இப்படியே விட முடியாது என்ற குறிப்புகள் மேலே வரத் தொடங்கின. ஆண்டுக் கூட்டத்துக்கு முன் பல இடங்களில் அலசல் கூட்டங்கள் நடந்தன. அலசல் கூட்டத்தில் முடிவு எடுப்பதில்லை. மனத்தில் இருக்கும் எதையும், எதிர்ப்பையும் பயத்தையும் கூட, வெளியே கொட்டுவதுதான் அதன் வேலை. முடிவுக்கான கூட்டத்தில் முதல் தடவையாக வெடிக்க வேண்டியதை முன்கூட்டியே ஆற அமரக் கேட்டுவிடும் இந்த ஏற்பாட்டை நான் மிக மதிக்கிறேன்.

யார்க்கில் அந்த வாரம்

வழக்கமான ஆண்டுக் கூட்டம் லண்டனில் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். அந்த ஆண்டு நடந்தது குடும்பத்தோடு தங்கும் ஒரு வார ஒன்றுகூடல். அதனால் ஒரே பொருளைப் பல அமர்வுகளில், நாள் இடைவெளி விட்டு எடுக்க முடிந்தது. இந்தப் பொருள் மீது வந்த குறிப்புகள் மூன்று: 17, 23, 25 என்ற எண்கள் கொண்டவை.

தொடக்கத்தில் சட்டத்தையோ வேத வசனங்களையோ கையில் எடுக்கவில்லை. தன்பாலின உறவில் வாழும் நண்பர்கள் தங்கள் கூட்டங்களில் என்ன நடந்தது என்று சொன்னார்கள். அரவணைப்பும் வந்தது, காயமும் வந்தது. அதைக் கேட்டபின் எழுதிய குறிப்பு ஒன்றில் இந்த விவகாரம் முழுவதையும் திறக்கும் சாவி இருக்கிறது. எதிர்பாலின இணையருக்குக் கொண்டாட்டத்துக்கும் அங்கீகாரத்துக்கும் தெளிவான, கண்ணுக்குத் தெரியும் ஒரு பாதை இருக்கிறது, தன்பாலின இணையருக்கு அது தெளிவாக இல்லை, கூட்டத்துக்குக் கூட்டம் பெரிதும் மாறுகிறது என்பதே அது.

யாரும் வேண்டுமென்றே கதவைச் சாத்தவில்லை. அன்புள்ளவர்கள் நிறைந்த சங்கம்தான். ஆனால் ஒருவருக்குக் கிடைக்கும் வரவேற்பு அவர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்து அமைந்தால், அதுவும் ஒரு விலக்கம்தான் என்று கூட்டம் கண்டுகொண்டது. நம்மில் பல அமைப்புகள், "எங்களிடம் எந்தத் தடையும் இல்லையே, யாரும் வரலாமே" என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. தடை இல்லை என்பதும் வழி இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

முடிவும் அதன் காரணங்களும்

25-ஆம் குறிப்பு நீளமானது. அதன் மையத்தில் இருப்பது: தன்பாலின உறுதியுறவுகளை எதிர்பாலினத் திருமணங்களைப் போலவே நடத்தும்படி நாங்கள் வழிநடத்தப்படுகிறோம், திருமணம் கடவுளின் வேலை, நாங்கள் சாட்சிகள் மட்டுமே என்ற எங்கள் மைய உணர்வை மீண்டும் உறுதி செய்கிறோம், அரசின் சட்ட அங்கீகாரம் இரண்டாம் பட்சமானது.

கேள்வியை அவர்கள் எப்படி வைத்தார்கள் என்று கவனிக்க வேண்டும். "இவர்களுக்கு நாம் திருமணத்தை அனுமதிக்கலாமா" என்று கேட்டிருந்தால், அனுமதி தரும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். குவேக்கர் நம்பிக்கைப்படி அந்த அதிகாரமே கிடையாது. சாட்சியின் வேலை நடந்ததைக் கண்டேன் என்று சொல்வது. நம் நடுவில் 20, 30 ஆண்டுகளாக ஒருவருக்கொருவர் உண்மையாக வாழ்ந்துவரும் இரண்டு பேரிடம் கடவுளின் வேலையைக் கண்டோமா இல்லையா? கண்டோம் என்றால் அதை எழுதிக் கையெழுத்துப் போட மறுப்பது பொய்ச் சாட்சி ஆகாதா? இந்தக் கோணத்தில் வரும்போது மரபை மதிப்பவருக்கும் மாற்றத்தை வேண்டுபவருக்கும் நிற்பதற்கு ஒரே தரை கிடைத்துவிடுகிறது.

இன்னொரு நுட்பம், சட்டத்தையும் விசுவாசத்தையும் அவர்கள் பிரித்து வைத்த விதம். அப்படிப் பிரித்ததால் சட்டம் மாறட்டும், பிறகு பார்க்கலாம் என்ற சாக்குக்கு இடமில்லாமல் போனது. இந்தத் திருமணங்களும் மற்றவற்றைப் போலவே தயாரிக்கப்பட்டு, கொண்டாடப்பட்டு, சாட்சி கூறப்பட்டு, பதியப்பட்டு, அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்று குறிப்பு ஒவ்வொரு படியாக எழுதியது. அதற்கேற்பச் சங்கத்தின் நெறிநூலைத் திருத்தும் பொறுப்பும், சட்டத்தை மாற்றும்படி அரசுகளிடம் பேசும் பொறுப்பும் துன்பங்களுக்கான கூட்டத்திடம் போயின. அதே நேரத்தில், சட்டத்தை மீறும்படி நம் பதிவு அலுவலர்களை இப்போது கேட்க மாட்டோம் என்றும் எழுதினார்கள். வட்டாரங்களில் திருமணப் பதிவேட்டைக் கையாளும் சாதாரண உறுப்பினர்கள்தான் இந்தப் பதிவு அலுவலர்கள். கொள்கையின் விலையை அவர்கள் தலையில் கட்டக் கூடாது என்ற அக்கறை அந்த வரியில் தெரிகிறது. ஆனால் கொண்டாட்டத்திலும் சங்கத்தின் சொந்தப் பதிவிலும் அவர்கள் முக்கியப் பங்கு வகிக்கச் சட்டம் தடையில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

உடன்படாதவர்களைக் குறிப்பு மறைக்கவில்லை. அலசலின்போது மாற்றுக் குரல்களைக் கேட்டோம், இந்த மாற்றம் கடினமாக இருக்கப்போகிறவர்களிடம் மென்மையோடு நடக்க வேண்டும் என்று நினைவூட்டப்பட்டோம் என்று முடிவு எழுதப்பட்ட அதே தாளில் பதிந்தார்கள். வேறு சபைகள், வேறு சமயங்கள், வேறு நாட்டுக் குவேக்கர்கள் இதை ஏற்காமல் போகலாம், அவர்களோடு அன்பான உரையாடல் தொடர வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார்கள். விருப்பத்தாலோ இல்லாமலோ தனியாக வாழும் நண்பர்களை மறந்துவிடக் கூடாது என்று ஒரு வரியும் உண்டு. திருமணம் பற்றிய ஒரு கொண்டாட்டமான முடிவில், திருமணம் இல்லாதவரையும் யாரோ எழுந்து நினைவுபடுத்தியிருக்கிறார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த வரி.

பின் நடந்தவை

அடுத்த நாள் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. பிரிட்டனின் பெரிய திருச்சபைகள் எதுவும் அந்த இடத்துக்கு அருகில்கூட வந்திருக்கவில்லை.

சட்ட மாற்றம் படிப்படியாக நகர்ந்தது. குவேக்கர்கள், யூனிடேரியன்கள் என்ற தாராளவாதச் சமயக் குழுவினர், யூத சமயத்தின் தாராளப் பிரிவினரான லிபரல் யூதர்கள் மூவரும் சேர்ந்து அழுத்தம் கொடுத்தார்கள். 2010-ன் சமத்துவச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி 2011 டிசம்பர் முதல், விரும்பும் சமய அமைப்புகளின் கட்டடங்களில் சிவில் இணைவைப் பதிவு செய்ய வழி பிறந்தது. 2012-ல் அரசு வெளியிட்ட முதல் முன்மொழிவு, தன்பாலினத் திருமணம் அரசுப் பதிவு முறையில் மட்டும்தான் என்றது. சமயங்களைக் காப்பாற்றவே இந்த வரம்பு என்று வாதம். குவேக்கர்களின் பதில் நேரானது: நடத்த விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தாமல் இருப்பது சமயச் சுதந்திரம் என்றால், நடத்த விரும்புபவரைத் தடுக்காமல் இருப்பதும் சமயச் சுதந்திரம்தான். அந்த ஆண்டு இறுதிக்குள் அரசு தன் நிலையை மாற்றிக்கொண்டது. 2013 ஜூலையில் சட்டம் நிறைவேறியது. விரும்பும் சமய அமைப்புகள் இசைவு தெரிவித்து நடத்தலாம் என்பது அதன் ஏற்பாடு. குவேக்கர்களின் சார்பில் இசைவு தர வேண்டியவர் அவர்களுடைய தலைமைச் செயலர் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2014 மார்ச் 29 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், அதே ஆண்டு டிசம்பரில் ஸ்காட்லாந்திலும் திருமணங்கள் நடக்கத் தொடங்கின.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. அமெரிக்காவின் இண்டியானா ஆண்டுக் கூட்டத்தில், உள்ளூர்க் கூட்டம் ஒன்று 2008-ல் தன்பாலினத்தவரை முழுமையாக வரவேற்பதாக எழுதி வெளியிட்டது. அதை நீக்கும்படி மேலமைப்பு கேட்க, அவர்கள் மறுக்க, சில ஆண்டுகள் இழுபறிக்குப் பின் 2013-ல் அமைப்பே பிரிந்தது. அங்கே கேள்வி வேறு வடிவம் எடுத்துவிட்டது. ஒரு உள்ளூர்க் கூட்டத்தின்மீது மேலமைப்புக்கு எவ்வளவு அதிகாரம் என்பதே பேச்சாகிப்போனது, இணையரின் வாழ்க்கை பின்னால் போய்விட்டது. மினசோட்டாவில் ஒரு கூட்டம் 2009-லேயே வேறு வழி எடுத்தது. எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கும் வரை எந்தத் திருமணத்துக்கும் அரசுச் சான்றிதழில் கையெழுத்திட மாட்டோம், வழிபாட்டில் மட்டும் நடத்துவோம் என்றார்கள்.

உலகில் மிக அதிகமான குவேக்கர்கள் வாழும் நாடு கென்யா. அங்கே தன்பாலின உறவுக்குச் சட்டம் 14 ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. போதகர்களும் பாட்டும் உள்ள அங்கத்திய குவேக்கர் சபைகளில் பெரும்பாலோர் பிரிட்டனின் முடிவை ஏற்கவில்லை. ஆனாலும் 2012 ஏப்ரலில் உலகக் குவேக்கர் மாநாடு கென்யாவின் கபராக் பல்கலைக்கழகத்தில் கூடியபோது இரு தரப்பும் ஒரே இடத்தில் இருந்தார்கள். கருத்து ஒன்றாகவில்லை, உறவும் அறுந்துவிடவில்லை.

எதைத் தக்கவைக்கலாம், எதை மாற்றலாம்

இந்த நடைமுறை நல்லது என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. 1987-க்கும் 2009-க்கும் நடுவில் 22 ஆண்டுகள். அந்த இடைவெளியில் காத்திருந்தே இறந்துபோனவர்கள் இருப்பார்கள். கூட்டம் ஒன்றுபடும் வரை காத்திருப்பது புனிதமான பொறுமையாகத் தெரியலாம். ஆனால் காத்திருப்பின் பாரம் எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. முடிவு தள்ளிப்போனால் தயங்குபவருக்கு இழப்பு எதுவுமில்லை. வேண்டி நிற்பவருக்குத்தான் ஒவ்வோர் ஆண்டும் இழப்பு. வாக்கெடுப்பு இல்லாமல் முடிவெடுக்கும் எந்த அமைப்பும் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். உள்ளூரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டபோதே, ஐந்தாண்டுக்கு ஒரு முறை எங்கே என்ன நடந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்டுத் தொகுத்திருந்தால், பாதை கூட்டத்துக்குக் கூட்டம் மாறுகிறது என்ற உண்மை 1990களிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

அனுபவத்தைக் கேட்டுத் தொடங்கியது சரி. அதை அப்படியே பின்பற்றலாம். ஆனால் பாதிக்கப்பட்டவரே ஒவ்வொரு மேடையிலும் எழுந்து தன் அந்தரங்கத்தை விரித்துக்காட்டினால்தான் மற்றவர் மனம் மாறும் என்ற நிலை கொடியது. எழுத்தில் தரலாம், பெயரில்லாமல் தரலாம், வேறொருவர் வாசிக்கலாம், பேசியபின் கூடவே உட்கார ஒருவர் இருக்கலாம் என்ற ஏற்பாடுகளை முதலிலேயே செய்வது நல்லது.

வேறு நாட்டுக் குவேக்கர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும் என்று முடிவுக் குறிப்பிலேயே எழுதினார்கள். அதாவது, முடிவுக்குப் பின். அவர்களிடம் அனுமதி கேட்கத் தேவையில்லைதான். ஆனாலும் கென்யாவில் பக்கத்து வீட்டுக்காரர் "உங்கள் ஆட்கள் இப்படிச் செய்துவிட்டார்களாமே" என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் அங்கே இருக்கும் குவேக்கர். நாங்கள் இதை யோசித்துக்கொண்டிருக்கிறோம், எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று முன்பே ஒரு கடிதம் போயிருந்தால் அந்த உரையாடல் வேறு மாதிரி தொடங்கியிருக்கும்.

2009-ன் வாசகம் தன்பாலினம், எதிர்பாலினம் என்ற இரண்டு சொற்களுக்குள் நின்றது. திருநர்களும், ஆண் பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர்களும் அதற்குள் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. பாலின அடையாளத்தின் பன்மையை வரவேற்று உறுதி செய்யும் குறிப்பு 2021 ஆண்டுக் கூட்டத்தில்தான் வந்தது, இன்னும் 12 ஆண்டுகள் கழித்து. ஒரு குழுவுக்கான பாதையைத் திறக்கும்போதே, இதில் இன்னும் யார் விடுபடுகிறார்கள் என்ற கேள்வியையும் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பது நடைமுறையில் கடினமல்ல.

சங்கத்தின் நெறிநூலை முழுவதுமாகத் திருத்தி எழுத 2018-ல் முடிவெடுத்து, அதற்கென ஒரு குழுவை அமைத்தார்கள். தனியாக வாழும் நண்பர்களை நெறிநூல் திருத்தத்தில் நினைவில் வைக்க வேண்டும் என்று 2009-ல் எழுதியதும் இந்த நூலைக் குறித்துத்தான். திருமணத்துக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கும் அந்த நூல், ஒருவர் தனியாகவே வாழ்ந்து முடிக்கும் வாழ்க்கைக்கு எத்தனை பக்கம் தரப்போகிறது என்பதை இனிதான் பார்க்க வேண்டும்.